புயல் மட்டுமா காரணம்? ஸ்பெயினோட வெள்ளிக் கப்பல்கள் மூழ்கின கதை

ஸ்பெயின் காலனி காலத்துக் கப்பல்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு கடற்கொள்ளைக்காரங்கதான் முதல்ல ஞாபகம் வருவாங்க. ஆனா 2019ல ஸ்பெயின் கலாச்சார அமைச்சகம் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டாங்க, 1492ல கொலம்பஸோட சாந்தா மரியா ஹைத்தி கரையில தரைதட்டினதுல ஆரம்பிச்சு 1898ல அமெரிக்காவோட நடந்த போர் வரைக்கும், கரீபியன் பக்கமும் அமெரிக்காவோட அட்லாண்டிக் கரைப் பக்கமும் மூழ்கிப் போன 681 ஸ்பானிஷ் கப்பல்களோட லிஸ்ட் அது. அதுல 91.2 சதவீதம் மோசமான வானிலையால போனது. பாறையில மோதினது, வழி தப்பினது எல்லாம் சேர்த்து 4.3. எதிரி நாட்டுக் கப்பல்களோட சண்டையில போனது 1.4. கொள்ளைக்காரங்களால மூழ்கினது வெறும் 0.8 சதவீதம்.

அப்ப எல்லாப் பழியையும் புயல் தலையில போட்டுட்டு போயிடலாமான்னா, எனக்கு அது சரியா படல. புயல் எந்த மாசம் வரும்னு அந்த மாலுமிங்களுக்கு நல்லாவே தெரியும், 1500கள் முடியறதுக்குள்ளயே ஆகஸ்டுக்கு முன்னாடி ஹவானாவ விட்டுக் கிளம்பிடணும்ங்கறது எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம். தெரிஞ்சிருந்தும் ஏன் செப்டம்பர்ல நடுக்கடல்ல இருந்தாங்க, அதுவும் கப்பல் தாங்காத அளவுக்கு பாரத்த ஏத்திக்கிட்டு? இந்தக் கேள்விய கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு விபத்தா பாத்தா, முக்கால்வாசி கதை துறைமுகத்துலயே முடிஞ்சிருக்குன்னு புரியும்.

முதல்ல அந்த ஏற்பாடு எப்படி இருந்துச்சுன்னு பாத்துடுவோம். 1503ல செவில் நகரத்துல வர்த்தகத்த மேற்பார்வை பாக்க ஒரு அரசு ஆபீஸ் ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுக்குப் போற ஒவ்வொரு கப்பல், ஆள், மூட்டை எல்லாமே அங்க பதிவாகணும். 1560கள்ல இருந்து தனித்தனியா போகக்கூடாது, கூட்டமாத்தான் போகணும், முன்னாடி ஒரு பீரங்கிக் கப்பல் பின்னாடி ஒரு பீரங்கிக் கப்பல்னு முறை வந்துடுச்சு. ஒரு அணி மெக்சிகோவோட வெராக்ரூஸுக்குப் போகும், இன்னொரு அணி இன்னிக்கு கொலம்பியாவுல இருக்கிற கார்டஹேனாவுக்கும் பனாமா பக்கம் இருக்கிற போர்டோபெலோவுக்கும் போகும். சரக்கு ஏத்திக்கிட்டு ஹவானாவுக்கு வந்து, அங்க இருந்து ஊருக்குத் திரும்பணும்.

இந்த ஹவானா வழியிலதான் சிக்கல். ஃப்ளோரிடா ஜலசந்தியில வடக்க ஓடற கல்ஃப் நீரோட்டம் கப்பல நல்லா தள்ளிக்கிட்டுப் போகும், அதனால அந்த வழிய விட முடியாது. ஆனா அது ஒடுக்கமான வழி, இடது பக்கம் ஃப்ளோரிடாவோட பவளப்பாறைங்க, வலது பக்கம் பஹாமாஸோட ஆழமில்லாத மணல்திட்டுங்க. கிழக்க இருந்து புயல்காத்து அடிச்சா பாய்மரக் கப்பலுக்கு ஒதுங்க இடமே கிடையாது, நேரா பாறை மேலதான். இதுல தீர்க்கரேகை கண்டுபிடிக்கிற வழியும் அன்னிக்கு இல்ல, கிழக்கு மேற்குல எங்க இருக்கோம்ங்கறத ஒரு உத்தேசமாத்தான் சொல்வாங்க.

தாமதம் எங்க இருந்து வந்துச்சுன்னா, மலை மேல இருந்து. இன்னிக்கு பொலிவியாவுல இருக்கிற பொட்டோசி மலையில 1545ல வெள்ளி கிடைச்சுது, 1570கள்ல ராஜாவோட பிரதிநிதியா அந்தப் பகுதிய ஆண்ட வைஸ்ராய் தொலேதோ சுத்துப்பட்டு மாகாணங்கள்ல இருந்து பழங்குடி ஆம்பளைங்கள முறை போட்டு சுரங்கத்துக்கு அனுப்பணும்னு கட்டாயமாக்கிட்டான், ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை உன் முறை வரும். அப்படி வெட்டின வெள்ளி லாமா மேலயும் கோவேறு கழுதை மேலயும் இறங்கி அரிகா துறைமுகம் வரணும், அங்க இருந்து கப்பல்ல பெருவோட காயாவோ (Callao) துறைமுகம், அப்புறம் பனாமா, அங்க மறுபடி கழுதை மேல ஏத்தி காட்டு வழியா போர்டோபெலோ, அங்க வியாபாரச் சந்தை நடந்து முடியணும், அப்புறந்தான் அட்லாண்டிக் கப்பல்ல ஏத்துவாங்க. இந்தச் சங்கிலியில எங்க ஒரு கண்ணி லேட் ஆனாலும் ஹவானாவுல எல்லாமே லேட். அந்தப் பக்கம் மாட்ரிட்ல ராஜாவோ போருக்காக ஏற்கனவே வரப்போற வெள்ளிய காட்டி கடன் வாங்கி செலவு பண்ணிட்டு காத்துக்கிட்டிருப்பாரு. அதனால "இந்த வருஷம் லேட் ஆயிடுச்சு, குளிர்காலம் கழிச்சு போவோம்"னு முடிவெடுக்கிற தைரியம் எந்த கேப்டனுக்கும் சுலபத்துல வராது.

1622ல நடந்தது இதுதான். நாலாம் ஃபிலிப் பதவிக்கு வந்து ஒரு வருஷந்தான் ஆகுது, டச்சுக்காரங்களோட இருந்த போர்நிறுத்தமும் 1621ல முடிஞ்சு போச்சு, பணம் உடனே வேணும். 28 கப்பல் ஆறு வாரம் லேட்டா செப்டம்பர் 4 அன்னிக்கு ஹவானாவ விட்டுக் கிளம்புச்சு. அடுத்த நாளே புயல் பிடிச்சுக்கிச்சு. எட்டு கப்பல் போச்சு, ஏறக்குறைய 550 பேர் செத்தாங்க. அதுல பின்காவலா வந்த நுவெஸ்த்ரா செஞோரா தே அத்தோச்சாதான் ரொம்ப பேர் கேள்விப்பட்டிருக்கிற கப்பல். பதிவேட்டுல இருந்த சரக்கு மட்டும் இது: ஆயிரத்துக்கும் மேல வெள்ளிக் கட்டிங்க, ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் குறைவா வெள்ளிக் காசு, 582 செம்புக் கட்டி, 125 தங்கக் கட்டியும் வட்டும், 350 பெட்டி அவுரி நீலம், 525 பொதி புகையிலை, இதுக்கு மேல 20 வெண்கலப் பீரங்கி. 265 பேர் இருந்த கப்பல்ல விடிஞ்சப்ப உயிரோட இருந்தது அஞ்சு பேர், பின் பாய்மரத்தோட நுனி மட்டும் தண்ணிக்கு மேல தெரிஞ்சுது, அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் தப்பிச்சாங்க. அதுல ரெண்டு பேர் அடிமைங்க.

கப்பல் ஏறக்குறைய 55 அடி ஆழத்துலதான் கிடந்துச்சு. மீட்க வந்தவங்க இறங்கிப் பாத்தாங்க, மேல்தளக் கதவெல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்ததால உள்ள போக முடியல, அடையாளம் வெச்சுட்டு வந்தாங்க, அடுத்த மாசமே இன்னொரு புயல் வந்து கப்பல உடைச்சு சிதறடிச்சிடுச்சு. ஸ்பெயின்காரங்க விடல, வருஷக்கணக்கா தேடினாங்க. 1626ல ஃப்ரான்சிஸ்கோ நுஞெஸ் மெலியான்ங்கற ஆள் செம்புல ஒரு பெரிய மணி வார்த்து அதுக்குள்ள காத்த அடைச்சு கடலுக்கு அடியில இறக்கி, கூடவே மூழ்கின சாந்தா மார்கரித்தாவ கண்டுபிடிச்சாரு. ஆனா தண்ணிக்குள்ள இறங்கினது யாரு? வெனிசுவேலா பக்கம் இருக்கிற மார்கரித்தா தீவோட முத்துக்குளியல்ல பழகின அடிமைங்க. மூச்ச அடக்கி போறதுல பாதிப்பேரு திரும்பி வராம போனாலும் கணக்குல அது வெறும் சொத்து நஷ்டம், அவ்ளோதான். அத்தோச்சா மட்டும் கிடைக்கவே இல்ல.

அப்புறம் 1960கள் கடைசியில மெல் ஃபிஷர்ங்கற அமெரிக்கர் தேட ஆரம்பிச்சாரு, முதல்ல தப்பான தீவுக்கூட்டத்துல தேடிக்கிட்டிருந்தாரு. செவில்ல இருக்கிற இந்தியத் தீவுகள் ஆவணக் காப்பகத்துல (ஸ்பெயின்காரங்க தங்களோட அமெரிக்கக் காலனிங்களத்தான் அப்படிச் சொன்னாங்க) யூஜின் லயன்ங்கற வரலாற்று ஆய்வாளர் பழைய மீட்புக் கணக்கு ஒண்ணப் படிச்சப்பதான், கப்பல் மூழ்கின இடம் ஃப்ளோரிடாவோட கீ வெஸ்ட் தீவுக்கு மேற்க இருக்கிற மார்கெசாஸ் திட்டுங்க பக்கம்னு தெரிய வந்துச்சு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், கடல்ல ஓடின படகுங்களால முடியாதத ஒரு காகிதக் கட்டு சாதிச்சுது. 1975 ஜூலை 20ல ஃபிஷரோட மகன், மருமகள், இன்னொரு டைவர் மூணு பேரும் படகு கவிழ்ந்து இறந்துட்டாங்க. சரியா பத்து வருஷம் கழிச்சு அதே ஜூலை 20ல, 1985ல, வெள்ளிக் கட்டிங்க அடுக்கியிருந்த முக்கிய குவியல் கிடைச்சுது.

1715 இதவிட மோசம். ஸ்பானிஷ் வாரிசுரிமைப் போர் அப்பத்தான் முடிஞ்சிருக்கு, போர்னால வெள்ளி சரியா வந்து சேரல, அஞ்சாம் ஃபிலிப்போட கஜானா காலி. ரெண்டு அணியும் சேர்ந்து பல மாசம் தாமதமாகி ஜூலை 24ல ஹவானாவ விட்டுச்சு. ஒரு வாரத்துல, ஜூலை 30 ராத்திரி தாண்டி, ஃப்ளோரிடாவோட கிழக்குக் கரையில 11 ஸ்பானிஷ் கப்பலும் போச்சு, ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தாங்க. கூட வந்த க்ரிஃபான்ங்கற பிரெஞ்சுக் கப்பல் ஒண்ணு மட்டும் தப்பிச்சுது, அது மத்தவங்களவிட கரைய விட்டு தள்ளியே போய்க்கிட்டிருந்துச்சு.

அதிக பாரம்ங்கறதுக்கு வருவோம். வர்ற வெள்ளியில ராஜாவுக்கு அஞ்சுல ஒரு பங்கு வரி, அது போக காவல் கப்பல் செலவுக்கு தனி வரி. அதனால பதிவேட்டுல எழுதாம ஏத்தறதுதான் வழக்கம், கேப்டன், வியாபாரி, மாலுமி, பாதிரியார்னு எல்லாரும் பண்ணாங்க. 1733ல இன்னொரு அணி ஃப்ளோரிடா கீஸ் தீவுக்கூட்டத்துல சிதறினப்ப, ஸ்பெயின்காரங்க சீக்கிரமே போய் சரக்க மீட்டாங்க, மீட்டது கணக்குல எழுதியிருந்ததவிட அதிகமா இருந்துச்சு! கப்பல் எவ்ளோ பாரத்தோட கிளம்புச்சுன்னு பதிவேட்டுக்கே தெரியாதுங்கறதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்?

பசிபிக் பக்கம் போனா இதே கதை இன்னும் பெருசா நடக்குது. 1565ல உர்தானேத்தாங்கற துறவி (மாலுமியாவும் இருந்தவரு) பிலிப்பைன்ஸ்ல இருந்து வடக்க ஏறி, ஜப்பான் பக்கமா போற காத்தப் பிடிச்சு மெக்சிகோவுக்குத் திரும்பற வழிய கண்டுபிடிச்சாரு. அன்னில இருந்து 1815 வரைக்கும், 250 வருஷம், மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் நடுவுல கேலியன்ங்கற பெரிய பாய்மரக் கப்பல்ங்க ஓடுச்சு. மணிலாவுல இருந்து சீனப் பட்டு, பீங்கான், மசாலா, தேன்மெழுகு, அக்காபுல்கோவுல இருந்து வெள்ளி. மணிலாவுக்கு வர்றது மூணு மாசம், சொகமான பயணம். அக்காபுல்கோவுக்குப் போறது அஞ்சாறு மாசம், நடுவுல நிக்க ஒரு துறைமுகம் கிடையாது, தண்ணி தீந்து, ஈறு வீங்கி பல்லு கொட்டற ஸ்கர்வி நோய் வந்து, கூட்டம் கூட்டமா செத்தாங்க.

அந்தக் கப்பல்ங்கள மணிலாவுக்குப் பக்கத்துல இருக்கிற கவீத்தேயில கட்டினாங்க. காட்டுக்குள்ள இருந்து பெரிய பெரிய மரத்த இழுத்துக்கிட்டு வந்தது கட்டாய வேலைக்குப் பிடிச்சுக்கிட்டு வந்த பிலிப்பைன்ஸ் கிராமத்து ஆளுங்க. கப்பல ஓட்டினதுலயும் பெரும்பாலானவங்க அவங்கதான், அதே வேலைக்கு ஸ்பானிஷ் மாலுமிய விட கம்மி சம்பளத்துல.

1593ல ஒரு சட்டம், வருஷத்துக்கு ரெண்டு கப்பல்தான், ஒவ்வொண்ணும் 300 டன்தான், சரக்கு ரெண்டரை லட்சம் பெசோ மதிப்புக்கு மேல கூடாது. இது செவில் வியாபாரிங்களும் தங்களோட துணி விக்கணும்னு போட வெச்ச வரம்பு. நடந்தது என்னன்னா, கப்பல் எண்ணிக்கை குறைய குறைய ஒவ்வொரு கப்பலும் பெருசாயிடுச்சு, ஆயிரம் டன்ன தாண்டிப் போச்சு. கப்பலோட சரக்கு இடத்த பங்கு பங்கா பிரிச்சு மணிலாவுல இருக்கிற ஸ்பானியர்களுக்கு சீட்டு குடுப்பாங்க, விதவைங்களுக்கும் கோயில் அறக்கட்டளைங்களுக்கும் கூட அதுல பங்கு உண்டு, சீட்ட வித்துக்கவும் செய்வாங்க. ஊரே ஒரு கப்பல நம்பி வாழ்ந்துச்சு. அதனால இன்னும் ஒரு பொதி, இன்னும் ஒரு பெட்டின்னு ஏத்தறத நிறுத்த யாருக்கும் மனசு வராது. பீரங்கிய அடித்தளத்துல படுக்க போட்டுட்டு அந்த இடத்துலயும் சரக்கு வெச்சாங்க. தண்ணி ஜாடிங்களுக்கு உள்ள இடமில்லாம கயிறுல கட்டித் தொங்க விட்டாங்க. ஜூன் மாசத்துக்குள்ள கிளம்பணும்னு விதி, ஜங்குன்னு சொல்ற சீனப் பாய்மரக் கப்பல்ங்கள்ல வந்த சரக்க பிரிச்சு அமுக்கிக் கட்டி முடிக்கவே ஜூலை ஆகஸ்ட் ஆயிடும், அது பிலிப்பைன்ஸ் பக்கம் டைஃபூன் சீசன்.

1600 டிசம்பர் 14, சான் தியேகோ. ஒலிவர் வான் நூர்ட்ங்கற டச்சுக்காரர் மணிலா விரிகுடா வாசல்ல நிக்கிறாருன்னு தெரிஞ்சதும், சரக்குக் கப்பலா இருந்தத அவசர அவசரமா போர்க்கப்பலா மாத்தினாங்க. தலைமை தாங்கினது அந்தோனியோ தே மோர்கா, நீதிபதி, கடல் சண்டை அனுபவம் இல்லாத ஆளு. ஆளும் பாரமும் அளவுக்கு மீறி ஏத்தினதால கப்பல் தண்ணியில ரொம்ப அழுந்திடுச்சு, பீரங்கி ஜன்னல்ங்கள திறந்தா தண்ணி உள்ள வரும்னு மூடியே வெச்சிருந்தாங்க. சின்ன டச்சுக் கப்பல் மேல போய் மோதினதுல தானே உடைஞ்சு சில மணி நேரத்துல மூழ்கிடுச்சு. மோர்கா நீந்திக் கரையேறிட்டாரு, நூத்துக்கணக்கானவங்க ஏறல. 1991ல ஃபார்ச்சூன் தீவு பக்கம் ஃப்ராங்க் காதியோ குழு அத கண்டுபிடிச்சாங்க, ஆயிரக்கணக்கான பொருள் வெளிய வந்துச்சு, அதுல நிறைய இப்ப மணிலா தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு.

1693ல கிளம்பின சாந்தோ கிறிஸ்தோ தே புர்கோஸ் அக்காபுல்கோவுக்கு வந்தே சேரல. ஆனா அமெரிக்காவோட ஓரேகான் கரையில பல தலைமுறையா தேன்மெழுகுக் கட்டிங்களும் சீனப் பீங்கான் துண்டுங்களும் ஒதுங்கிக்கிட்டே இருந்துச்சு, மெழுகு மேல ஸ்பானிஷ் வியாபாரக் குறிங்க. கரையோரத்துல வாழ்ந்த நெஹாலெம் தில்லமூக் மக்களோட வாய்மொழிக் கதைங்கள்ல அந்தக் கப்பல் இருக்கு. வெளியாளுங்க அத புதையல் கட்டுக்கதையா மாத்தி ரொம்ப காலம் ஓட்டினாங்க, 2022ல கடல் குகைகள்ல இருந்து அந்தக் கப்பலோடதுன்னு நம்பப்படற மரத்துண்டுங்கள வெளிய எடுத்தாங்க. 1694ல அடுத்த கப்பல் சான் ஹோசே, மணிலாவ விட்டு கொஞ்ச தூரத்துலயே லூபாங் தீவுகிட்ட புயல்ல உடைஞ்சு 400 பேருக்கு மேல போயிட்டாங்க. அடுத்தடுத்து ரெண்டு வருஷம், ஊரோட மொத்த முதலும் கடல்ல.

இந்த மணிலா வியாபாரத்துல நம்ம கரைக்கும் ஒரு தொடர்பு இருக்கு. சோழமண்டலக் கரையோட பருத்தித் துணி மணிலாவுக்கு நல்லா போச்சு, அங்க இருந்து மெக்சிகோவுக்கும். ஆங்கிலேயர் நேரடியா மணிலாவுக்குள்ள வியாபாரம் பண்ண ஸ்பெயின் அனுமதி குடுக்கல, அதனால மெட்ராஸ்ல இருந்து ஆர்மீனியர் பேர்லயும் ஆசிய வியாபாரிங்க பேர்லயும் கப்பல் போகும், திரும்பி வர்றப்ப மெக்சிகோ வெள்ளிக் காசு வரும். மணிலா வியாபாரத்துல பெரும் பணம் சேர்த்த கோஜா பெட்ரஸ் உஸ்கான்ங்கற ஆர்மீனியர்தான் 1726ல சைதாப்பேட்டையில அடையாறு மேல மர்மலாங் பாலத்தக் கட்டினவரு, பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் கட்டினது. 1762ல மணிலாவப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் படையும் மெட்ராஸ்ல இருந்துதான் கிளம்புச்சு, கூடப் போன சிப்பாய்ங்கள்ல சில பேர் திரும்பி வராம மணிலாவுக்குப் பக்கத்துல காயிந்தாங்கற ஊர்லயே குடும்பம் குட்டின்னு தங்கிட்டாங்க, அவங்க வம்சம் இன்னிக்கும் அங்க இருக்கு.

இன்னொரு சங்கதி, மூழ்கின கப்பல்ங்கள வெச்சு வானிலை வரலாறும் எழுதறாங்க. 2016ல வந்த ஒரு ஆய்வுல, ஃப்ளோரிடா கீஸ்ல புயல் வருஷத்துல கம்மியா வளர்ற பைன் மரங்களோட வளையத்தையும், ஸ்பானிஷ் கப்பல்ங்க மூழ்கின பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. 1645க்கும் 1715க்கும் நடுவுல கரீபியன் புயல் ஏறக்குறைய 75 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, சூரியன்ல கரும்புள்ளி கம்மியா இருந்த குளிர்ந்த காலம் அது. செவில் ஆபீஸ்ல யாரோ ஒரு குமாஸ்தா நஷ்டக் கணக்கு எழுதி வெச்சது முன்னூறு நானூறு வருஷம் கழிச்சு காலநிலை ஆய்வுக்கு டேட்டாவா நிக்குது.

சண்டையில போன கப்பல்ங்க எண்ணிக்கையில கம்மிதான், ஆனா கோர்ட்டுல பெரிய சண்டையெல்லாம் அதுங்கள வெச்சுத்தான் நடக்குது. 1804 அக்டோபர் 5, ஸ்பெயினும் பிரிட்டனும் சமாதானமா இருந்த நேரத்துல போர்ச்சுகல் கரைக்கு தெற்க பிரிட்டிஷ் கப்பல்ங்க மறிச்சு சுட்டதுல மெர்செதெஸ்ங்கற ஸ்பானிஷ் கப்பல் வெடிச்சு, 250 பேருக்கு மேல இறந்தாங்க, தியேகோ தே அல்வெயார்ங்கற அதிகாரி பக்கத்துக் கப்பல்ல நின்னுக்கிட்டு தன் மனைவியும் பிள்ளைங்களும் போறத கண்ணால பாத்தாரு. 2007ல ஒடிஸிங்கற அமெரிக்கக் கம்பெனி அந்த இடத்துல இருந்து ஆறு லட்சத்துக்கு கிட்டத்தட்ட காசு, 17 டன், எடுத்து ஃப்ளோரிடாவுக்கு விமானத்துல கொண்டு போச்சு. ஸ்பெயின் கேஸ் போட்டு ஜெயிச்சு 2012ல எல்லாத்தையும் திரும்ப வாங்கிக்கிச்சு. பெரு நாடு, எங்க மண்ணுல வெட்டின வெள்ளி, எங்க ஊர்ல அடிச்ச காசுன்னு கேட்டது எடுபடல.

இப்ப அதே கேள்வி கொலம்பியாவோட சான் ஹோசேயில வந்து நிக்குது (இது அந்த மணிலா சான் ஹோசே இல்ல, வேற). 1708ல ராஜாவுக்கு வெள்ளி அவசரமா வேணும், ஹவானாவுல துணைக்கு வர வேண்டிய பிரெஞ்சு அணியும் ரொம்ப நாள் காத்திருக்காது. கார்டஹேனா வாசல்ல சார்ல்ஸ் வேஜரோட ஆங்கிலக் கப்பல்ங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு காத்திருக்கிறது தெரிஞ்சும் போர்டோபெலோவ விட்டுக் கிளம்பினாங்க. இங்கயும் முடிவ எடுத்தது நாள்காட்டியும் கடனுந்தான். ஜூன் 8 சாயங்காலம் சண்டையில கப்பல் போச்சு, 600 பேர்ல பிழைச்சது ஒரு டஜன் அளவுக்குத்தான்.

2015ல ஏறக்குறைய 600 மீட்டர் ஆழத்துல அத கண்டுபிடிச்சாங்க. அடியில சிதறிக் கிடக்கிற காசுங்கள போட்டோ எடுத்துப் பாத்தப்ப 1707ல லீமாவுல அடிச்சதுன்னு தெரிஞ்சுது. கொலம்பியா அந்த இடத்த 2024ல பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பகுதியா அறிவிச்சுது, 2025 நவம்பர்ல முதல் தடவையா ஒரு பீரங்கி, ஒரு பீங்கான் கோப்பை, சில காசுங்கள மேல கொண்டு வந்தாங்க. கொலம்பியா எங்க கடல்ங்குது, ஸ்பெயின் எங்க போர்க்கப்பல், எங்க ஆளுங்களோட கல்லறைங்குது, ஒரு அமெரிக்கக் கம்பெனி நாங்கதான் 1980கள்லயே இடத்த சொன்னோம்னு பங்கு கேக்குது. நாலாவதா பொலிவியாவோட கரா கரா பழங்குடி மக்களும் கேக்கறாங்க, பொட்டோசியில எங்க முன்னோருங்கதான் கட்டாயமா இறங்கி வெட்டினாங்க, அதனால அதுல இருக்கிறது எங்களோடதும்னு. என்னக் கேட்டா நாலு பேர்ல அவங்க பேச்சுக்குத்தான் எடை அதிகம், ஆனா எந்தச் சட்டப் புத்தகத்துலயும் அவங்களுக்குன்னு ஒரு வரி கிடையாது.